ஒயில் பில்டரை நிரப்பிப் பூட்டுவதா, வெறுமையாகப் பூட்டுவதா?

புது ஒயில் பில்டர் ஒன்றை எடுத்து, எஞ்சினில் பூட்டும் வாய்ப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் புரி வெட்டிய பெரிய துளை. அதைச் சுற்றி வட்டமாகச் சிறு துளைகள். விளிம்பில் ரப்பர் வளையம். பில்டருக்குள் ஒயில் ஊற்றிப் பூட்ட வேண்டுமா, வேண்டாமா என்று கராஜ்களில் நடக்கும் வாக்குவாதத்துக்கு விடை இந்தத் துளைகளில்தான் இருக்கிறது. ஆனால் ஊற்றுகிறவர் அனேகமாக இதைப் பார்ப்பதில்லை. பெரிய துளைதானே ஊற்றச் சுகம் என்று நடுவிலேயே ஊற்றிவிடுகிறார்.

எஞ்சினின் அடித்தொட்டியான சம்பில் கிடக்கும் ஒயிலை பம்ப் உறிஞ்சி பில்டருக்கு அனுப்புகிறது. அது சுற்றியுள்ள சிறு துளைகளால் உள்ளே நுழைந்து, மடிப்பு மடிப்பாக இருக்கும் பேப்பரின் வெளிப்புறத்தில் நிற்கிறது. பேப்பரை ஊடறுத்து நடுக்குழாய்க்குள் போய், பெரிய துளையால் வெளியேறி, சுழலும் கிராங் தண்டைத் தாங்கும் பெயாரிங், வால்வுகளை இயக்கும் காம், காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ என்று பிரிந்து ஓடுகிறது. ஆக, சிறு துளைகள் அழுக்குப் பக்கம். நடுத்துளை சுத்தப் பக்கம்.

ஒயில் கானிலிருந்து சம்புக்குள் ஒரு மண் துணிக்கை விழுந்தால் அது பெயாரிங்குக்குப் போகும் வழியில் பில்டரைத் தாண்ட வேண்டும். அதே துணிக்கை பில்டரின் நடுத்துளைக்குள் விழுந்தால் அதைத் தடுக்க வழியில் எதுவுமில்லை. நடுவில் ஊற்றிய ஒயிலில் ஒரு பகுதி பேப்பரில் ஊறி வெளிப்புறம் போகும்போது தன் அழுக்கைப் பேப்பரின் உட்புறத்தில் விட்டுவிட்டுப் போகும். எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் ஓட்டம் எதிர்த்திசையில் வந்து, விட்ட அழுக்கையும் கழுவிக்கொண்டு பெயாரிங்குக்குப் போகும்.

இவ்வளவு ஆபத்து என்றால் ஏன் நிரப்புகிறார்கள்? வெறும் பில்டரைப் பூட்டி ஸ்டார்ட் செய்தால், பில்டர் நிரம்பும்வரை பெயாரிங்குகளுக்குப் புது ஒயில் அழுத்தத்தோடு போகாது. ஒயில் லைட் அணையச் சில விநாடிகள் கூட எடுக்கும். அந்த விநாடிகளில் உலோகம் உலோகத்தோடு உரசுமே என்பதுதான் பயம். பயம் நியாயமானது, ஆனால் அளவு பார்க்க வேண்டும். சிறிய கார் பில்டர் ஒன்றின் கொள்ளளவு ஏறக்குறைய 250 மில்லிலீற்றர் என்று வையுங்கள். மெதுவாக ஓடும்போது பம்ப் நிமிடத்துக்கு 6 லீற்றர் தள்ளினால், விநாடிக்கு 100 மில்லிலீற்றர். இரண்டரை விநாடியில் பில்டர் நிரம்பிவிடும். அதுவரை பெயாரிங்குகள் காய்ந்து கிடப்பதுமில்லை. அரை மணித்தியாலத்துக்கு முன் ஓடிய எஞ்சினில் பழைய ஒயிலின் படலம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். பம்பின் பற்களுக்கிடையிலும் ஒயில் நிற்கும்.

உண்மையான வறண்ட ஸ்டார்ட் வேறு இடத்தில் நடக்கிறது. வாடை தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கரையில் இழுத்து வைத்த படகு எஞ்சினை, இரண்டு மூன்று மாதம் கழித்துச் சாவியைத் திருப்பி நேரே ஸ்டார்ட் செய்வதைத்தான் சொல்கிறோம். படலம் வடிந்திருக்கும், பில்டரில் நின்ற ஒயிலும் சம்புக்கு இறங்கியிருக்கும். அதைப் பற்றி எவரும் வாக்குவாதப்படுவதில்லை.

பெரிய டீசல் எஞ்சின்களில் கணக்கு மாறுகிறது. திருகோணமலை கொட்பே துறைமுகத்தில் நிற்கும் பலநாள் படகுகள், கந்தளாய்ப் பக்கத்து லொறிகள், நிலாவெளி ஹோட்டல்களின் ஜெனரேட்டர்கள் போன்றவற்றில் ஒரு பில்டரே ஒன்றிரண்டு லீற்றர் பிடிக்கும்; சிலவற்றில் இரண்டு பில்டர்கள். நிரம்ப எடுக்கும் நேரமும் அதற்கேற்பக் கூடும். இங்கே உற்பத்தியாளர்களே ஒத்துப்போவதில்லை. கட்டர்பில்லர் கையேடுகள் ஒயில் பில்டரைப் பூட்டுமுன் நிரப்ப வேண்டாம் என்கின்றன. அந்த ஒயில் வடிகட்டப்படாதது, அழுக்காக இருக்கலாம், தேய்மானத்தைக் கூட்டும் என்பது காரணம். கமின்ஸ் தன் பல எஞ்சின்களுக்கு நேர்மாறாகச் சொல்கிறது: சுத்தமான ஒயிலால் நிரப்பிப் பூட்டு, பில்டர் நிரம்பும்வரை ஒயில் இல்லாமல் ஓடுவது எஞ்சினுக்குக் கேடு. இரண்டு பேரும் பிழை சொல்லவில்லை. ஒருவர் அழுக்கைப் பற்றிக் கூடக் கவலைப்படுகிறார், மற்றவர் தாமதத்தைப் பற்றி. உங்கள் எஞ்சினின் கையேடு எதைச் சொல்கிறதோ அதைச் செய்யுங்கள். கையேடு வாய் திறக்காத இடத்தில்தான் இந்தக் கட்டுரைக்கு வேலை.

“புது ஒயில்தானே, அதில் என்ன அழுக்கு?” என்ற கேள்வி அடுத்து வரும்.

புதியது என்றால் பாவிக்காதது என்று அர்த்தம். சுத்தமானது என்று அர்த்தமில்லை. ஒயில் கலக்கும் தொட்டி, குழாய், பீப்பாவின் உட்சுவர், ஊற்றும் பம்ப் என்று ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் துணிக்கை சேர்கிறது. அதை அளக்க ஐஎஸ்ஓ 4406 என்ற சர்வதேசத் தர முறை இருக்கிறது. 21/19/16 என்பது போல மூன்று இலக்கங்களில் எழுதுவார்கள். ஒரு மில்லிலீற்றர் ஒயிலில் 4 மைக்ரோனும் அதற்கு மேலும், 6 மைக்ரோனும் அதற்கு மேலும், 14 மைக்ரோனும் அதற்கு மேலும் உள்ள துணிக்கைகளின் எண்ணிக்கையை முறையே இவை குறிக்கின்றன. ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இலக்கம் ஒன்றால் கூடினால் எண்ணிக்கை இரட்டிப்பாகும். 16 என்றால் 320 முதல் 640 வரை. 19 என்றால் 2,500 முதல் 5,000 வரை. 21 என்றால் 10,000 முதல் 20,000 வரை.

கணக்குக்கு 21/19/16 நிலையில் உள்ள ஒயிலை அரை லீற்றர் பில்டரின் நடுத்துளையில் ஊற்றினதாக எடுங்கள். 500 மில்லிலீற்றரில், 14 மைக்ரோனும் அதற்கு மேலும் உள்ளவை மட்டும் 160,000 முதல் 320,000 வரை. கேட்கப் பயங்கரமாக இருக்கிறது. ஆனால் பேப்பரும் எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. சாதாரண கார் பில்டர் ஒன்று 20, 30 மைக்ரோனுக்கு மேற்பட்டவற்றை நன்றாகப் பிடிக்கும். 5 மைக்ரோன் துணிக்கைகளில் பெரும்பங்கை முதல் சுற்றில் விட்டுவிடும். ஆகவே சீல் உடைக்காத 4 லீற்றர் கானில் இருந்து நேரே ஒருமுறை நடுவில் ஊற்றியதால் எஞ்சின் கெட்டுப்போகாது. கெடுப்பது 20 மைக்ரோனுக்கு மேற்பட்ட மணல், உலோகத்தூள், நூல். இவை பெரும்பாலும் கம்பனியில் இருந்து வருவதில்லை. ஊற்றுகிற இடத்தில்தான் சேர்கின்றன.

எந்தத் துணிக்கை தேய்க்கும் என்பதையும் தெரிந்து வைத்தால் நல்லது. பாரம் ஏறிய பெயாரிங்கில் ஒயில் படலம் மிக மெல்லிய இடத்தில் சில மைக்ரோன்தான். அதைவிடச் சின்னது படலத்தோடு ஓடிப்போகும். கிராங்குக்கும் பெயாரிங்குக்கும் இடையிலான வெளியைவிட மிகப் பெரியது உள்ளேயே நுழையாது. இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் நுழைந்து, நசுங்கி, கோடு கிழிக்கும். பெயாரிங்கின் மேற்பூச்சு மென்மையானது. சிறு துணிக்கையைத் தனக்குள் அமிழ்த்தி விழுங்கிக்கொள்ளத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் சுமார் 20 மைக்ரோன் தடிப்பான பூச்சு 40 மைக்ரோன் மணலை விழுங்க முடியாது. அதன் முனை வெளியே நீட்டிக்கொண்டு நின்று கிராங்கைச் சுரண்டும். மனிதக் கண்ணுக்குத் தெரியும் எல்லையே ஏறக்குறைய 40 மைக்ரோன்தான். “பார்த்தேன், ஒயில் கண்ணாடி மாதிரி இருந்தது” என்பதில் பெரிய பாதுகாப்பு இல்லை.

திருகோணமலையில் இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில், சிறுபோக அறுவடை நடக்கும்போது, தம்பலகாமத்து வயல் வரம்பில் வைத்தே உழவு இயந்திரத்துக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் ஒயில் மாற்றுகிறார்கள். வைக்கோல் தூசும் மண் தூசும் காற்றில் மிதக்கும். மண்ணில் உள்ள குவாட்ஸ் சாதாரண உருக்கைவிடக் கடினமானது. புல்மோட்டைக் கரை மணலில் இருக்கும் சேர்க்கோன் என்ற கனிமம் குவாட்ஸையும்விடக் கடினம். அந்த நேரத்தில் வாய் திறந்தபடி நிற்கும் பில்டர், அதற்குப் பக்கத்தில் மூடியில்லாத கான், தண்ணீர்ப் போத்தலைக் குறுக்கே வெட்டிச் செய்த புனல். போத்தலை வெட்டும்போது விளிம்பில் தொங்கும் பிளாஸ்டிக் நூல் ஒயிலோடு கூடவே போய்விடும். கானின் வாயிலுள்ள அலுமினியத் தாளைக் கத்தியால் குத்திக் கிழித்தால் துண்டு உள்ளே விழும். மூலையைப் பிடித்து முழுதாக உரித்தெடுங்கள். கொட்டன் வேஸ்ட் எனப்படும் கழிவுப் பஞ்சு நூலால் பில்டர் வாயைத் துடைப்பது இன்னொரு பிழை. அதன் நூல் டர்போவுக்குப் போகும் மெல்லிய குழாயிலோ, பிஸ்டனுக்கு ஒயில் பீச்சும் துளையிலோ சிக்கினால் பிறகு பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

கம்பி வலை போட்ட புனல் இருந்தால் போதும் என்பார்கள். ஓர் அங்குலத்துக்கு 100 கண் உள்ள வலையின் கண் ஒன்று சுமார் 150 மைக்ரோன். அது இலை, தாள், பூச்சி பிடிக்கும். 40 மைக்ரோன் மணல் கும்பலாகப் போகும். சீலைத்துணியில் வடித்தால் மணல் கொஞ்சம் நிற்கும், நூல் கூடச் சேரும். பெரிய அளவில் ஒயில் பாவிக்கிறவர்கள் பீப்பாவிலிருந்து எடுக்கும் பம்பிலேயே பில்டர் ஒன்றைப் பூட்டி வைப்பதுதான் சரியான வழி.

பீப்பா பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 200 லீற்றருக்கு மேல் பிடிக்கும் பீப்பாவை வெளியில் நிமிர்த்தி வைத்தால், மேல் விளிம்புக்குள் மழைத்தண்ணீர் தேங்கும். பகலில் வெயிலுக்கு உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவில், அல்லது ஒரு மழை அடித்தவுடன், குளிர்ந்து சுருங்கி, மூடிப் புரியின் இடுக்கால் வெளியில் நிற்பதை உறிஞ்சும். வெளியில் நிற்பது தண்ணீர். மூடி இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று நம்ப வேண்டாம். கார்த்திகை, மார்கழி மழைக்குக் கூரைக்குக் கீழ் வையுங்கள். முடியாவிட்டால் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் மணிக்கூட்டின் 3, 9 நிற்கும் இடத்தில் வரும்படி உருட்டி நிறுத்துங்கள். மூடிகள் ஒயில் மட்டத்துக்குக் கீழே இருப்பதால் வெளித்தண்ணீரை உறிஞ்ச வழியில்லை. நாகம் (துத்தநாகம்) பூசிய வாளியில் ஒயிலை எடுத்து வைக்காதீர்கள். ஒயிலில் உள்ள சேர்மானங்களோடு நாகம் தாக்கமடையும்.

தண்ணீர் சந்தேகம் இருந்தால் சோதிப்பது சுலபம். பால்தேத்தண்ணி நிறமாகிவிட்ட ஒயிலுக்குச் சோதனையே தேவையில்லை. தெளிவாகத் தெரிந்தும் சந்தேகம் என்றால், தண்ணீர்த் துளி விழுந்தவுடன் துள்ளிப் பொரியும் அளவுக்கு ஓர் இரும்புத் தட்டைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு துளி ஒயிலை விடுங்கள். பொரிகிற சத்தமோ குமிழோ வந்தால் தண்ணீர் இருக்கிறது. பேசாமல் பரவினால் இல்லை. ஒரு துளிதான்; முகத்தைத் தூர வைத்துக்கொள்ளுங்கள். துணிக்கைக்கு, வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில் ஒயிலை ஓர் இரவு அசையாமல் விட்டு, காலையில் அடியில் டோர்ச் அடித்துப் பாருங்கள். அடியில் எதாவது தெரிந்தால் அந்த ஒயில் வேண்டாம். ஒன்றும் தெரியாவிட்டால் பெரிய மணல் இல்லை என்று மட்டும் தெரியும்.

இனித் தீர்ப்பு. கார், வான், ஓட்டோ, பட்டா ரக வாகனம் போன்ற சின்ன எஞ்சின்களுக்கு நிரப்ப வேண்டியதில்லை. பலவற்றில் பில்டர் படுக்கையாக நிற்கும், சிலவற்றில் வாய் கீழ்ப்பக்கமாக இருக்கும். நிரப்பினாலும் பாதி உங்கள் முழங்கையால் வழிந்து எக்ஸோஸ்ட் குழாயில் கொட்டி, அடுத்த அரை மணித்தியாலம் புகையும். பேப்பர் பகுதியை மட்டும் பிளாஸ்டிக் மூடிக்குள் வைத்துப் பூட்டும் வகைகளில் நிரப்ப இடமே இல்லை. அந்த எஞ்சின்களும் பல இலட்சம் கிலோமீற்றர் ஓடுகின்றன, வெறுமையாகப் பூட்டியே.

வாய் மேல்நோக்கி நிற்கும், பெரிய டீசல் எஞ்சினின் ஒயில் பில்டர், கையேடும் நிரப்பச் சொல்கிறது, அல்லது ஒன்றும் சொல்லவில்லை என்றால் நிரப்புங்கள், ஆனால் சிறு துளைகளால் மட்டும். முதலில் நடுத்துளையைச் சுத்தமான பிளாஸ்டிக் மூடியால் அடையுங்கள். தக்கையும் துணியும் வேண்டாம், இரண்டும் துகள் விடும். சீல் உடைக்காத கானிலிருந்து, மெல்லிய மூக்குள்ள சுத்தமான ஊற்றியால் சிறு துளைகளுக்குள் மெதுவாக ஊற்றுங்கள். துளைகளுக்குக் கீழே ரப்பர் மடல் ஒன்று இருக்கலாம். எஞ்சின் நின்றபின் ஒயில் திரும்பிச் சம்புக்கு வடியாமல் தடுப்பது அதுதான். ஒயிலின் பாரத்துக்கு அது வழி விடும், ஆனால் அவசரப்பட்டால் மேலே தேங்கி வழியும். கால்வாசி ஊற்றி, பேப்பர் குடிக்க ஒரு நிமிடம் விட்டு, மீண்டும் ஊற்றுங்கள். பேப்பரூடாக வடிந்து நடுக்குழாய்க்குள் ஏறும் ஒயில் வடிகட்டிய ஒயில். விரும்பியது அதுதான்.

நடுத்துளை மூடியைக் கழற்ற மறந்து பூட்டினால்? மூடி புரிக்குள் ஆழமாக இறங்கியிருந்தால் பில்டர் முழுதாகவே பூட்டுப்படும், ஒயில் போக வழி இருக்காது. அதனால் கைக்குள் மறையாத, கண்ணில் குத்தும் நிறத்தில் பெரிய மூடியாகத் தேர்ந்தெடுங்கள்.

நிரப்பியதோ வெறுமையோ, பூட்டும் விதம் ஒன்றுதான். பழைய பில்டரைக் கழற்றியவுடன் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்ததா என்று பாருங்கள். பழையது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதைப் பூட்டினால், ஸ்டார்ட் ஆகி அழுத்தம் ஏறியதும் வளையம் பிதுங்கி, சம்ப் முழுவதும் நிலத்தில் கொட்டிவிடும். நூல் விடாத துணியால் எஞ்சினில் வளையம் உட்காரும் இடத்தைத் துடைத்து, புது வளையத்தில் விரலால் கொஞ்சம் ஒயில் தடவுங்கள். வளையம் தொட்டதிலிருந்து கையால் முக்கால் சுற்று; பில்டரில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதன்படி. புரியையும் கவனியுங்கள். முக்கால் அங்குலப் புரி 19 மில்லிமீற்றர் சொச்சம். இன்னொரு வகை 20 மில்லிமீற்றர். 20 மில்லிமீற்றர் பில்டர், எஞ்சினில் நீட்டி நிற்கும் முக்கால் அங்குலப் புரி முளையில் லூசாக ஏறி, இறுகினது போலவும் தோன்றும். கடைக்காரர் “இதுவும் சரிவரும்” என்று எடுத்துத் தருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அழுத்தம் ஏறும்போது கழன்று பறக்கும்.

வறண்ட விநாடிகள் பற்றிய பயம் இன்னும் போகவில்லையென்றால், பில்டரை நிரப்புவதைவிட நல்ல வழி இருக்கிறது. எஞ்சினைப் பற்றவிடாமல் ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றுங்கள். பழைய டீசல்களில் நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்தபடி சுற்றலாம். பெற்றோல் எஞ்சினில் எரிபொருள் பம்பின் பியூஸைக் கழற்றலாம். ஒருமுறைக்கு 10 விநாடி, பிறகு ஸ்டார்ட்டர் ஆற அரை நிமிடம். ஒயில் லைட் அணையும்வரை இரண்டு மூன்று முறை. சுற்றும் வேகம் குறைவு, வெடிப்பின் பாரம் இல்லை, பில்டர் பேப்பர் வழியாகவே நிரம்புகிறது. வாடைக்குப் பிறகு எழுப்பும் படகு எஞ்சினுக்கும் இதே வைத்தியம். பிரித்துப் பூட்டிய எஞ்சின் வேறு கதை. அதற்கு ஒயில் வழிகளை வெளியிலிருந்து அழுத்தத்தோடு நிரப்ப வேண்டும்.

பிறகு ஸ்டார்ட் செய்து, அக்ஸிலரேட்டரைத் தொடாமல் விடுங்கள். டர்போ உள்ள எஞ்சினில் இது கட்டாயம். 10 விநாடிக்குள் லைட் அணையாவிட்டால் உடனே நிறுத்திக் காரணம் தேடுங்கள்.

எரிபொருளான டீசலை வடிகட்டும் பில்டருக்கு இந்த விட்டுக்கொடுப்பு எதுவும் இல்லை. புதிய டீசல் எஞ்சின்களில் உள்ள கொமன் ரெயில் எனும் உயர் அழுத்த எரிபொருள் அமைப்பின் பம்பிலும், டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரிலும் உள்ள இடைவெளி சில மைக்ரோன்தான். நடுத்துளையில் ஊற்றும் கான் டீசல் நேரே அங்கே போகும். இன்ஜெக்டர் விலையை ஒருமுறை விசாரித்தவர் பிறகு ஊற்ற மாட்டார். பில்டரை வெறுமையாகப் பூட்டி, கைப்பம்பு இருந்தால் அது கல்லுப்போல் இறுகும்வரை அடியுங்கள். மின்பம்பு என்றால் சாவியைப் போட்டு, அணைத்து, நாலைந்து முறை ஓடவிடுங்கள்.

ஒயில் மாற்றி முடிந்ததும் எஞ்சினை நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். வெறுமையாகப் பூட்டிய பில்டர் தன் பங்கைக் குடித்திருக்கும், மட்டம் இறங்கியிருக்கும். குறைந்ததை அப்போது ஊற்றுங்கள்.